அட்டைக் கோட்டையில் ஒரு படுகளம்

ஜோதி மழைக்குப் பயந்து ஓடிய கதையை அவள் மகள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தை மாதம் அது. வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் கிடையாது. அடுப்பில் குச்சிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது ஜோதிக்குத் திடீரென்று உடம்பெல்லாம் சில்லிட்டது. கரண்டியைப் போட்ட இடம் தெரியாமல் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். களத்தில் காய்ந்துகொண்டிருந்த மக்காச்சோளத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, மூலைக்கு மூலை கல் வைத்து நிமிர்ந்த பிறகுதான் முதுகில் வெயில் சுள்ளென்று உறைத்தது. நாய்கூட நிழலில் படுத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

உள்ளே போய் முட்டை ரூமை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி தேவி, மழ வருதுன்னு இப்ப யாரு சொன்னது?"

"நாந்தாம்மா சொன்னேன். இங்கயில்ல, கோட்டைல. கோட்டைல ரெண்டு நாளா மழ ஊத்துது."

"நாசமாப் போச்சு. நா போயிச் சோளத்த மூடிப்போட்டு வாரேன்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஷெட்டுக் கோழிகள் மிரண்டு கத்தின. ஜோதியும் சிரித்தாள். ஆனால் அடுப்படிக்குத் திரும்பிய பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்று, வேறொன்று வந்தது. வாயால் சொன்ன மழை. அதற்குப் போய் என் உடம்பு எப்படிச் சில்லிட்டது? கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மயிர் குத்திட்டு நின்றது நின்றபடியே இருந்தது.

புதுச்சத்திரத்திலிருந்து மெயின் ரோட்டை விட்டு மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது அவர்களுடைய கோழிப்பண்ணை. பண்ணை என்றால் பெரிய பண்ணை இல்லை, ரெண்டே ஷெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனபிறகு முட்டை ரூம் காலியாகிவிடும். அன்றைக்கு மத்தியானம் அது தேவிப்ரியாவின் ராஜ்ஜியம். நாமக்கல்லில் கோழிக்கு ரத்தம் பரிசோதிக்கிற லேபில் அவளுக்கு வேலை. கோயமுத்தூரில் காலேஜ் படித்தபோது இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதே லேபில் வேலை பார்க்கிற சரிதாவும், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டராக இருக்கிற சந்தோஷ்குமாரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

கோட்டையைக் கட்டியவன் சந்தோஷ்குமார். முட்டை அட்டையை அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அந்தக் குழியும் மேடும் அப்படியே கருங்கல் சுவராகத் தெரிகிற மாதிரி சாம்பல் வர்ணம் அடித்திருந்தான். கொத்தளம், வாசல், பின்பக்கத்தில் ஒரு திட்டிவாசல், எல்லாம் அட்டை. லாரி நெற்றியில் மயிலும் தாமரையும் எழுதுகிற கை அல்லவா, விரல் நுனி உயரமுள்ள பொம்மை ஆளுக்குப் புருவம் வரைக்கும் எழுதியிருந்தான். அவன் ஊதி ஊதி வர்ணம் காயவைக்கும்போது ஜோதி பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

ஆட்டம் என்னமோ எளிதுதான். தேவி கதை சொல்லுவாள். இன்ன இடத்தில் நிற்கிறீர்கள், எதிரே இன்னது இருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். வேஷமென்றால் உடுப்பெல்லாம் கிடையாது, பேச்சுதான். அவரவர் செய்வதைச் சொல்லுவார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். அதை டைஸ் என்றார்கள். ஜோதிக்கு அது தாயக்கட்டை. அடுத்து என்ன நடக்கும் என்று கதை சொல்லுகிற தேவிக்கே தெரியாது என்பதுதான் ஜோதியால் நம்பவே முடியாத விஷயம். தெரியாத கதையை ஒருத்தி எப்படிச் சொல்லுவாள்? ஆனால் சொன்னாள். லேபில் கணக்கப்பிள்ளைக்கு எதிரே வாய் திறக்கப் பயப்படுகிற சரிதா, இங்கே ஒரு கொள்ளைக்காரியாக இருந்து படைத்தளபதியை மிரட்டினாள். ஜோதி கிழங்குத் தட்டை வைத்துவிட்டுப் போக மனமில்லாமல் நின்றாள்.

முட்டை ரூமுக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, நிலைப்படி மட்டும்தான். அந்த அறையில் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பான் அவள் புருசன் செல்லமுத்து.

அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் டிரில்லர். பாதி இந்தியாவுக்குத் தண்ணீர் காட்டியவன் என்று ஜோதி பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். போன வருசம் சத்தீஸ்கரில் ஒரு கிராமத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே தூக்கிய ராடு பிடி நழுவி இறங்கியது. வலது காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. யார் மேலும் குற்றமில்லை, இரும்பு நழுவினால் நழுவியதுதான். ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது எல்லோரும் உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். பிழைத்ததா என்று ஜோதிக்குச் சந்தேகமாக இருந்தது. பேச்சு நின்றுபோயிற்று. சோறு வைத்தால் உண்பான். ஊன்றுகோலைப் பிடித்துப் புழக்கடைக்குப் போய்வருவான். மற்ற நேரமெல்லாம் சுவர். வாசல்படியைத் தாண்டவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு முதுகைத்தான் காட்டினான்.

கோட்டையில் மழை பெய்து, ஜோதி சோளம் மூடிய அதே மத்தியானம்தான் அது நடந்தது.

கோட்டைக்கு உள்ளே நுழைய வழி தேடி சந்தோஷ்குமாரும் சரிதாவும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மதில் வழுக்கும், மழை, மேலே காவல். கயிறு போடலாமா, அகழியில் நீந்தலாமா என்று பேசிப் பேசிக் கிழங்கே தீர்ந்துவிட்டது.

"அட, அந்தச் செவுத்தத் தாண்டறதுக்கு இத்தன நேரமா?" என்று ஒரு குரல் கேட்டது.

யார் பேசியது என்று ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அடுப்படியில் ஜோதியின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது.

தேவிப்ரியா கெட்டிக்காரி. அப்பா பேசிவிட்டார் என்று ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதை சொல்லுகிற அதே குரலில், "மதிலுக்கடியில, இருட்டுக்குள்ள இன்னொரு ஆளு நிக்கறாரு. யாருங்க நீங்க? பேரு சொல்லுங்க" என்றாள்.

கோழி கேரும் சத்தம் மட்டும் வந்தது.

"கருப்பணன்னு வெச்சுக்க."

"கருப்பணன் பாக்கறதுக்கு எப்பிடியிருப்பாருங்க?"

"கருவேலங்கட்டயாட்டம் இருப்பான். நல்லா ஓடுவான். பனமரத்து ஒசரம் தாவுவான்."

"இப்ப என்ன பண்றாரு?"

"என்ன பண்ணுவான், தாண்டுவான்."

"அப்படீன்னா டைஸ் உருட்டோணுங்கப்பா."

சந்தோஷ்குமார் பகடையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் வைத்தான். செல்லமுத்து திரும்பிப் படுத்து, அதை விரலில் உருட்டிப் பார்த்து, போர்வைமேல் போட்டான். சந்தோஷ்குமார் குனிந்து பார்த்தான்.

"இருவதுங்க மாமா! இருவது!"

"தாண்டிட்டாரு," என்றாள் தேவி. "பூன குதிச்ச சத்தங்கூட இல்லீங்க. மழைல, இருட்டுல, மதிலுக்கு அந்தப் பக்கம் கருப்பணன் ரெண்டு காலையும் ஊணி நிக்கறாரு."

ஜோதி நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவள் புருசன் கண்ணை மூடியிருந்தான். போர்வைக்கு அடியில் இருந்த ஒற்றைக் கால் ஒருதரம் அசைந்தது. அவன் அந்த நேரம் அங்கேதான் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. முட்டை அட்டைக்கு அந்தப்பக்கம், ஈர மண்ணில். சத்தியமாகச் சொல்லுகிறேன், அவளும் அந்தக் கோட்டையை அப்போது பார்த்தாள். அட்டை என்று தெரிந்தது, ஆனால் அட்டையாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் கட்டிலை நிலைப்படிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். கருப்பணன் ஓடினான், தாவினான், குதிரையிலிருந்தவனை இழுத்துப் போட்டான். சமயத்தில் தோற்றும் போனான், தோற்றால் செல்லமுத்து வாய்விட்டு வைதான். அந்த வசவைக் கேட்க ஜோதிக்குத் தேனாக இருந்தது. சந்தோஷ்குமார் அவனுக்கென்று ஒரு பொம்மை எழுதிக்கொண்டு வந்தான். முறுக்கு மீசை, தலையில் உருமால், தாவுகிற நிலையில் ரெண்டு கால்.

ஆனால் திங்கட்கிழமை விடிந்தால் பழையபடி சுவர்தான்.

"ஏனுங்க, சித்த நேரம் வெளிய வந்து உக்காருங்க. வெயிலு நல்லா இதமா இருக்குது," என்பாள். பதிலே வராது. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேசுகிற மனிதன். அவளுக்குக் கோபம் வரும், அப்புறம் அழுகை வரும். ஷெட்டுக்குள் போய்த் தீவனத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டே கோழிகளிடம் புலம்புவாள். கழுத்தை நீட்டித் தீவனம் கொத்துகிற மும்முரத்தில் அவை எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மாசி பிறந்ததும் செல்லமுத்துவின் தம்பி வேலுமணி வந்தான். எருமப்பட்டிப் பக்கம் மாமனார் ஊரில் தோட்டம் பார்க்கிறவன். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச வந்ததைப் பேச முடியாமல் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதிக்குப் புரிந்துவிட்டது. படுகளம்.

அவர்கள் ஊர்க் கோயிலில் மாசி நோம்பிக்கு உடுக்கையடித்துக் கதை சொல்லுவார்கள். கதையில் வீரர்கள் மாண்டு போகிற கட்டம் வரும்போது, முறையுள்ள வீட்டு ஆம்பிளைகளுக்கு அருள் வரும். நின்ற நிலையில் மண்ணில் சாய்வார்கள், அதுதான் படுகளம். செத்தவர்களுக்குப் போடுகிற மாதிரி அவர்கள்மேல் வெள்ளைத் துணி போர்த்துவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள், விளையாட்டுக்கில்லை, நிஜமான அழுகை. அப்புறம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பேர் சொல்லி ஒவ்வொருவராக எழுப்புவார்கள். அது முடியாமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். செல்லமுத்துவின் குடும்பத்துக்கு அதில் ஒரு இடம் உண்டு. மீசை முளைத்த வயதிலிருந்து அவன்தான் விழுந்துகொண்டிருந்தான். எந்த மாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தாலும் மாசிக்கு வண்டியேறி வந்துவிடுவான்.

"அண்ணா, கோயில்ல கேக்கறாங்க. இந்த வருசம் நம்மூட்டுல யாரு படுகளத்துல உழுகறதுன்னு."

"நீயே உழுந்துக்க," என்றான் செல்லமுத்து, சுவரைப் பார்த்து.

"இல்லீங்கண்ணா, நீங்க சும்மா வந்து நின்னாப் போதும்..."

"உழுந்தா எந்திரிக்கோணுமல்ல? எப்பிடிறா எந்திரிப்பேன்? ஊரே பாக்க மண்ணுல தவந்துக்கிட்டுக் கெடக்கோணுமா? நீயே உழு. இனி எப்பவும் நீதான். கோயில்ல சொல்லிப்போடு."

வேலுமணி எழுந்து வெளியே வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணீங்க, நா இன்னும் கோயில்ல சொல்லல. ஞாயித்துக்கெழம பொழுது சாய வந்து கேட்டுக்கறேன். அதுக்குள்ள நீங்க சித்த சொல்லிப் பாருங்க. அந்த எடத்துல நின்னா எனக்கு அருளு வருமான்னே தெரிலீங்க."

அன்றைக்கு ஜோதி சொல்லிப் பார்க்கவில்லை, சண்டைதான் போட்டாள்.

"ஞாயித்துக்கெழமயானா கோட்டையத் தாண்டறீங்க. ஊரு பாக்கறதுக்கு மண்ணுல சாஞ்சு எந்திரிக்க முடியாதுங்கறீங்க. ஏனுங்க இது நாயமா?"

"அது கருப்பணன்."

"கருப்பணன் யாருங்க? நீங்கதான?"

"அவன் வேற, நா வேற. அவனுக்கு எல்லாம் இருக்குது ஜோதி. என்ன உட்டுரு."

ஜோதி அடுப்படிக்குத் திரும்பினாள். இருக்கிற கொஞ்ச உயிரையும் அந்தப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டு இவன் இங்கே காலியாகக் கிடக்கிறான் என்று தோன்றியது. இடத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் இந்தக் கட்டிலைவிட்டு எழ அவனுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. ஞாயிறு பொழுது சாய்வதற்குள் ஏதாவது நடக்க வேண்டும். என்ன நடக்கும், எப்படி நடக்கும் என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. காலையிலேயே அனல். ஷெட்டுக் கூரைமேல் தண்ணீர் அடித்துவிட்டு, சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து வைத்தாள். மேசையில் பெரிய யுத்தம் விரிந்திருந்தது. எதிரிப் படை கோட்டையைச் சூழ்ந்துவிட்டது. உள்ளே பெண்களும் பிள்ளைகளும் கன்றுகாலிகளும். அவர்களைப் பின்பக்கத் திட்டிவாசல் வழியாக வெளியேற்ற வேண்டும், அதுவரைக்கும் முன்வாசலில் யாராவது நின்று எதிரியைத் தாக்காட்ட வேண்டும்.

"வாச உடையப்போவுது," என்றாள் தேவி. "யாரு நிக்கறீங்க?"

"நா நிக்கறேன்," என்றான் செல்லமுத்து.

"மாமா, வேண்டாமுங்க," என்றான் சந்தோஷ்குமார். "எம்பது பேரு வாரானுக. நாம எல்லாரும் பின்னால போயிரலாம். நீங்க ஒரே தாவுல மதிலு தாண்டிருவீங்க."

"சனமெல்லாம் நடந்துதான போவோணும்? அதுக்குத் தாவத் தெரியுமா? நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. நா இங்க நிக்கறேன்."

ஜோதி சந்தகைத் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். அப்புறம் நடந்ததை அவள் யாருக்குச் சொன்னாலும், 'பகடை உருட்டினார்கள்' என்று சொல்லமாட்டாள். 'சண்டை நடந்தது' என்றுதான் சொல்லுவாள். கதவு பிளந்தது. கருப்பணன் ஒற்றை ஆளாக நின்றான். பகடை விழ விழ தேவி சொன்னாள்: ஒருத்தன் சாய்ந்தான், ரெண்டு பேர் சாய்ந்தார்கள், உங்களுக்குத் தோளில் காயம், தொடையில் காயம். "சனம் எங்க வரைக்கும் போயிருக்குது?" என்று செல்லமுத்து கேட்டுக்கொண்டே இருந்தான். பாதிப்பேர் தாண்டிவிட்டார்கள் என்றாள் சரிதா. சித்த நேரம் கழித்து, இன்னும் ஒரு கிழவியும் அவள் ஆடும்தான் பாக்கி என்றாள். அப்புறம், எல்லோரும் போய்விட்டார்கள் என்றாள். அவன் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. ஜோதி அந்த முகத்தையே பார்த்தாள். நல்ல பாறையில் ராடு இறங்கும்போது இந்த முகம்தான் அவனுக்கு என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவள் கண்ணால் கண்டது இப்போதுதான்.

அடுத்த பகடை ஒன்றில் நின்றது.

தேவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கருப்பணன் உழுந்துட்டாரு. பொழைக்கறதுக்கு இன்னம் மூணு தடவ உருட்டலாமுங்கப்பா."

உருட்டினான். போதவில்லை. மறுபடியும் உருட்டினான், போதவில்லை. மூன்றாம் தரம் பகடையை உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்து போட்டான். அதுவும் போதவில்லை.

"போயிட்டாருங்கப்பா," என்றாள் தேவி. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"வேற வழியே இல்லையா தேவி?" என்று சரிதா கேட்டாள். "ஏதாச்சும் மருந்து, மந்திரம்..."

"நா பொய் சொன்னா அப்பறம் இந்த ஆட்டத்துல எதுக்குமே அர்த்தமில்ல சரிதா. போனது போனதுதான்."

சந்தோஷ்குமார் அந்தப் பொம்மையை எடுத்து வாசலில் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தான். வர்ணம் துடைக்கிற வெள்ளைத் துணி ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அதில் சுத்தமாக இருந்த ஓரத்தைக் கிழித்து அதன்மேல் போர்த்தினான். மரியாதைக்குச் செய்தான், பாவம்.

செல்லமுத்து மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்ப ஆரம்பித்தான்.

வெள்ளைத் துணியைக் கண்டதும் ஜோதி சந்தகைத் தட்டை நிலைப்படியிலேயே வைத்துவிட்டாள். துணி போர்த்தியாயிற்று, அழுதாயிற்று. அடுத்தது என்ன? இதுகள் பாட்டுக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடுமா? விழுந்தவனை எழுப்பாமல் விட்டுப்போகிற அக்கிரமம் எங்கேயாவது உண்டா? அவளுக்கு யோசனையெல்லாம் ஓடவில்லை, கால்தான் ஓடியது. சொம்பு நிறையத் தண்ணீரும் அதில் ஒரு சிட்டிகை மஞ்சளும் எடுத்துக்கொண்டு வந்து, அவர்களை விலக்கிக்கொண்டு மேசைக்கு எதிரே நின்றாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"நீங்க சின்னப்புள்ளைக, உங்களுக்குத் தெரியாது. நகருங்க." ஒரு கை அள்ளித் துணிமேல் தெளித்தாள். "எந்திரி சாமி. கருப்பணா, எந்திரி. சனமெல்லாம் நல்லபடியாப் போய்ச் சேந்துருச்சு. எந்திரிச்சு வா சாமி."

இன்னொரு கை அள்ளப் போனாள். அந்த அவசரத்தில் சொம்பு சாய்ந்து, இருந்த தண்ணீர் மொத்தமும் கோட்டைமேல் கொட்டியது.

முட்டை அட்டை எத்தனை தண்ணீர் தாங்கும்? வடக்குச் சுவர் முதலில் பூரித்தது. அப்புறம் குழைந்தது. கொத்தளம் சாய்ந்து வாசல்மேல் விழுந்தது. சாம்பல் வர்ணம் மஞ்சளோடு கலந்து மேசையிலிருந்து சொட்டியது. எதிரிப்படை எண்பது பேரும் கூழில் மாட்டிக்கொண்டார்கள்.

"அத்தே!" என்று சந்தோஷ்குமார் அலறினான். "என்ற கோட்ட! நாலு மாசம் கட்டுன கோட்டைங்க அத்தே!"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜோதி பயந்து திரும்பினாள். செல்லமுத்து சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, இருமி இருமிச் சிரித்தான். "எம்பது பேரும் போயிட்டானுகளே! கருப்பணனால ஆவாதத... ஒரு சொம்புத் தண்ணில..." பேச முடியவில்லை. மற்றவர்களுக்கும் பற்றிக்கொண்டது. கோட்டை போன சந்தோஷ்குமார்கூடத் தலையில் கை வைத்தபடி சிரித்தான். ஜோதி மட்டும் சிரிக்கவில்லை. கோட்டையை அழித்த வெட்கமும், ஆளை எழுப்ப முடியாத துக்கமுமாக வெறும் சொம்போடு நின்றாள்.

சிரிப்பு அடங்கிய பிறகும் செல்லமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படுகளம்னு நெனச்சுட்டியா?"

"பின்ன என்னங்க? உழுந்த ஆள அப்பிடியே உட்டுட்டுப் போவாங்களா?"

"தண்ணி தெளிச்சா அவனவன் எந்திரிக்கோணுமல்ல. இவன் எந்திரிக்கற சாதியில்ல ஜோதி. இவன் போயிட்டான்."

"நீங்க மட்டும் எந்திரிச்சீங்களாக்கும்," என்றாள் ஜோதி. அழுகையும் ஆத்திரமுமாக அவள் அறியாமல் வந்துவிட்ட வார்த்தை அது. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"இல்ல, சொல்லு. நா எந்திரிக்காம? வருசா வருசம் உழுந்து எந்திரிச்சவன்தான?"

அருள் வந்தவரிடம் அருளில் நடந்ததைப் பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொல்லி வைத்தது. இத்தனை வருசம் ஜோதி அதை மீறியதில்லை. இப்போது அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"மத்தவிங்கெல்லாம் தண்ணி பட்டதும் துள்ளிக்கிட்டு எந்திரிப்பாங்க. நீங்க எந்திரிக்க மாட்டீங்க. ஒரு வருசங்கூட எந்திரிச்சதில்ல. அடிச்சுப் போட்ட கட்டயாட்டமாக் கெடப்பீங்க. எனக்கு ஈரக்கொல நடுங்கும். வேலுமணி ஒரு கக்கத்துல கைகுடுப்பான், பங்காளி ஊட்டுக் கந்தன் இன்னொரு கக்கத்துல கைகுடுப்பாரு. தூக்கி நிறுத்துனா உங்க காலு ரெண்டும் துணியாட்டம் தொவளும், ஊணவே ஊணாது. அவிங்க ரெண்டு பேருந்தான் தாங்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. உங்களுக்கு நெனவு திரும்பறதுக்கு அத்தன நேரமாவும்."

செல்லமுத்து அசையவில்லை. "எனக்கு நெனவு வரையில நின்னுக்கிட்டுத்தான இருப்பேன்."

"நிக்க வெச்சிருப்பாங்க."

"எல்லா வருசமுமா?"

"எல்லா வருசமுந்தானுங்க."

செல்லமுத்து தன் கையைப் பார்த்தான். தோளை ஒருதரம் தடவிப் பார்த்தான், அங்கே யாரோ பிடித்த தடம் இருக்கிற மாதிரி. ரெண்டு காலும் கல்லுப்போல உறுதியாக இருந்த காலத்திலேயே அந்த மண்ணிலிருந்து அவன் தன் காலால் எழுந்ததில்லை. எழுந்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். அந்த நினைப்புக்காகத்தான் இடத்தையே விட்டுக்கொடுக்க இருந்தான்.

"அட கெரகமே," என்றான் மெதுவாக. முகத்தில் வருத்தம் இல்லை. கண் விரிந்து, பார்க்காத ஒன்றைப் பார்க்கிற முகமாக இருந்தது. அப்புறம் மகளைக் கூப்பிட்டான்.

"தேவி. ஒரு ஆளு செத்துட்டா உங்காட்டத்துல என்ன பண்ணுவீங்க?"

"புதுசா ஒரு ஆளக் கொண்டாரலாமுங்கப்பா."

"அப்ப எழுதிக்க சாமி."

தேவி ஈரமில்லாத காகிதம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். "பேரு சொல்லுங்க."

"செல்லமுத்து."

பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதினாள்.

"பாக்கறதுக்கு எப்பிடிங்க இருப்பாரு?"

"காலு ஒண்ணுதான். அத மொதல்ல எழுது. தாவறது, ஓடறது ஒண்ணும் கெடையாது. நல்லா வைவான். பாறைய மோந்து பாத்தே தண்ணி எங்கன்னு சொல்லுவான். உம், அப்பறம் தண்ணி தெளிச்சா எந்திரிக்க மாட்டான், ரெண்டு பேரு கை குடுக்கோணும். அதையும் எழுதிக்க."

சரிதா வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். வாசலில் வேலுமணியின் வண்டிச் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு, கூப்பிடத் தயங்கி அவன் களத்திலேயே நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சோளத்தின்மேல் இன்னும் வெயில் இருந்தது.

"செல்லமுத்து இப்ப எங்க இருக்காருங்க?" என்று தேவி கேட்டாள், கதை சொல்லுகிற குரலில்.

"கட்டில்மேல."

"வெளிய அவருக்கு ஒரு ஆளு காத்துக்கிட்டு நிக்கறாரு. கோயிலுக்கு யாரு வாரதுன்னு கேக்கறதுக்கு வந்திருக்காரு. செல்லமுத்து என்ன பண்றாரு?"

அவன் ஒற்றைக் காலைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கித் தரையில் வைத்தான். ஊன்றுகோல் எட்டுகிற தூரத்தில்தான் சாத்தியிருந்தது. அதை எடுக்கவில்லை.

"கைய நீட்டறான்னு எழுதிக்க," என்றான்.

நீட்டிய கை ஜோதியின் பக்கம் இருந்தது. அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.